ஆறாம் நிலைக்கு ஏறிய தண்ணீர்

(கம்பைநல்லூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செஞ்சிக் கோட்டைக்குச் சென்றுவந்த அனுபவத்தைப் பத்து நிமிடம் பேசும்படி ஒருங்கிணைப்பாளர் கேட்டுக்கொண்டார். கோட்டை பற்றிச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன், எட்டாம் வகுப்பில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தவறு இல்லையென்றால் இந்தப் பயணம் எனக்கு வெறும் சுற்றுலாவாகவே முடிந்திருக்கும்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் 'விசையும் அழுத்தமும்' பாடம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர்ப் பாட்டிலில் மேலிருந்து கீழாக மூன்று துளைகள் போட்டு, அடித்துளையில் நீர் தூரமாகப் பாய்வதைக் காட்டினேன். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும் என்றேன். இணைந்த குழாய்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்றேன். "அதனால்தான் டேங்கை உயரத்தில் கட்டுகிறார்கள். டேங்கைவிடத் தாழ்வான வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் தானாகவே போய்ச் சேரும்" என்று கரும்பலகையில் படமும் வரைந்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. "சார், எங்க மேட்டுத் தெருவைவிட டேங்க் ஒசரமாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் சார் எங்க குழாயில மட்டும் தண்ணி வரதில்ல?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "குழாயில் எங்காவது அடைப்பு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு பல நாள் அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

நம் மாவட்டத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. நம் வகுப்புகளில் பிள்ளைகள் சிரிக்கும்போது சிலரின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்க்கிறோம். நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு செய்த வேலை அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த அளவைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் நம் பகுதியில் உண்டு. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரை ஒகேனக்கல்லிலிருந்து மேலேற்றி, சுத்திகரித்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களுக்குக் கொடுக்கிறார்கள். இத்தனை தூரம் வந்த தண்ணீர் கடைசித் தெருவில் ஏறவில்லையென்றால், அந்த வீட்டுப் பிள்ளை பழைய போர்த் தண்ணீரைத்தான் குடிக்கும். அவள் கேட்டதில் அவளுடைய தம்பி தங்கையின் பற்களும் எலும்பும் அடங்கியிருந்தன. நான் அதற்கு 'அடைப்பு' என்று பதில் சொன்னேன்.

இனி செஞ்சிக்கு வருகிறேன்.

ஒரு விடுமுறை நாளில் நாங்கள் நால்வர் கிளம்பினோம். தமிழாசிரியை அக்கா, சமூக அறிவியல் நண்பர், உடற்கல்வி ஆசிரியர், நான். அரூர், தண்டராம்பட்டு, திருவண்ணாமலை வழியாகப் பயணம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்தே சமூக அறிவியல் நண்பர் எங்களை விடவில்லை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை அது. நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தானின் படை, 1677-ல் சிவாஜி, பிறகு முகலாயர், பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்துதான் முகலாயர் முற்றுகையை எட்டு ஆண்டுகள் போலத் தாக்குப்பிடித்தார். அத்தனை நாள் முற்றுகையைத் தாங்க வேண்டுமென்றால் உள்ளே இரண்டு பொருள் வேண்டும்: நெல், தண்ணீர். நெல்லுக்குக் களஞ்சியம் இருக்கிறது. தண்ணீருக்குச் சக்கரக்குளம், செட்டிக்குளம், யானைக்குளம், குன்றின் மேல் சுனைகள் என்று வரிசையாக இருக்கின்றன.

ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகால் நிற்கிறது. நான்கு பக்கமும் அறைகள் சூழ்ந்த சதுர முற்றம். நடுவில் நிலை நிலையாக உயர்ந்து, உச்சியில் கூம்புக் கூரையோடு முடியும் மாடம். ஒவ்வொரு நிலையிலும் சிறிய அறையும் அதைச் சுற்றி வளைவுகள் கொண்ட நடையும் இருக்கின்றன. முற்றத்தில் படிகள் இறங்கும் குளம். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்கிறார்கள். வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் இந்த மாடத்தின் ஆறாம் நிலை வரை ஏறியது என்று வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன.

தமிழாசிரியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மோட்டார் இல்லாத காலத்தில் ஆறாவது மாடிக்கு எப்படித் தம்பி தண்ணி ஏறும்?" என்று கேட்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மண்ணில் குச்சியால் படம் வரைந்தேன். "நீர்நிலை குன்றுச் சரிவில் உயரத்தில் இருந்தால் போதும் அக்கா. குழாய் பள்ளத்தில் இறங்கி வந்தாலும், மறுபக்கம் அந்த மட்டம் வரை தண்ணீர் தானே ஏறும்" என்றேன்.

உடற்கல்வி ஆசிரியர் விவசாயக் குடும்பம். தன் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயைத் தானே போட்டவர். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது சரி சார். ஒண்ணாவது மாடியில ஒருத்தர் குழாயைத் திறந்து விட்டுட்டா ஆறாவது மாடிக்கு எப்படி ஏறும்? என் தோட்டத்துல பள்ளத்து வரிசையைத் திறந்து வச்சா மேட்டு வரிசையில ஒரு சொட்டு வராது."

கையில் குச்சியோடு நின்றேன். அந்த மாணவி கேட்டதும் இதையேதான்.

நான் கற்றுக்கொடுத்த விதி தவறில்லை. ஆனால் அது நிற்கும் தண்ணீருக்கான விதி. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது நீர் தன் மட்டத்துக்கு ஏறும். நீர் ஓடத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. குழாயின் உட்சுவரோடு உராய்ந்தும், வளைவுகளில் திரும்பியும், இடையில் திறந்த வாய்களில் வெளியேறியும் அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. டேங்கின் உயரம் கொடுத்த அழுத்தத்தைப் பள்ளத்துத் தெருக்களின் திறந்த குழாய்களே தின்றுவிடுகின்றன. மேட்டுத் தெருவுக்கு எட்டும்போது மிச்சம் எதுவும் இருப்பதில்லை. கல்யாண மகாலில் ஆறாம் நிலையில் நீர் கொட்ட வேண்டுமானால், கீழ் நிலைகளில் யாரோ வாயை அடைத்திருக்க வேண்டும்; அல்லது வாய்கள் சிறியவையாக இருந்திருக்க வேண்டும்.

முற்றத்தின் படியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தோம். கொண்டுபோன புளிசாதத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டே சாப்பிட்டோம். சமூக அறிவியல் நண்பர் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். இத்தாலியில் ரோம் நகருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் திவோலி என்றோர் ஊர். அங்கே வில்லா தெஸ்தே என்ற மாளிகை. "நம்ம நாயக்கர் காலத்துக் கட்டடம்தான் சார் இதுவும்" என்றார்.

இப்போலித்தோ தெஸ்தே என்ற கர்தினால் 1550-ல் திவோலிக்கு ஆளுநராக வந்தார். மலைச்சரிவின் உச்சியில் மாளிகையும், கீழே படிப்படியாக இறங்கும் தோட்டமும் வேண்டுமென்று விரும்பினார். பிர்ரோ லிகோரியோ என்பவர் திட்டம் போட்டுக் கொடுத்தார். அனியேனே ஆற்றின் நீரை ஊருக்கு அடியில் சுரங்கக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார்கள். ஐம்பதுக்கும் குறையாத நீரூற்றுகள். நீண்ட சுவர் முழுவதும் வரிசையாகப் பீறிடும் 'நூறு நீரூற்று' என்ற நடைபாதை. விழும் நீர் காற்றை இழுத்து அழுத்த, அந்தக் காற்று குழல்களில் புகுந்து இசையெழுப்பும் ஒரு நீரூற்றுகூட உண்டு. இத்தனைக்கும் ஒரு பம்பு கிடையாது. மேலேயிருந்து வரும் நீரின் எடைதான் எல்லா வேலையும் செய்கிறது. 2001-ல் அந்த இடமும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

நாங்கள் நால்வரும் அந்தச் சிறிய திரையில் திவோலியின் நீரூற்றுகளைப் பார்த்தோம். எதிரே தண்ணீர் ஏறாத மாடம் நின்றது. நேரில் போய்ப் பார்க்கும் வசதி நமக்கு எப்போது வருமோ தெரியாது. ஆனால் அங்கே அந்த நீரூற்றுகள் ஏன் ஒன்றையொன்று கெடுக்காமல் பாய்கின்றன என்பது இப்போது எனக்குப் புரிந்தது. மேலே நீர் குறையாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு என்று பங்கிட்டு விட வேண்டும். வாயைக் குறுக்கினால்தான் நீர் பீறிடும். அகலமாகத் திறந்தால் சும்மா வழியும். தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி மூடும் குழந்தைக்கும் இது தெரியும்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். ஆண்டுகளைப் பாருங்கள் என்றார். உறிஞ்சு பம்பு ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றுவதில்லையே, ஏன் என்ற புதிருக்கு விடை தேடித்தான் இத்தாலியின் டாரிசெல்லி 1643-ல் பாதரசக் குழாய்ச் சோதனைக்கு வந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய பாஸ்கலின் நூல் அச்சானது 1663-ல். திவோலித் தோட்டத்தின் குழாய்களைப் பதித்தவர்கள் அதற்கு முந்தைய நூற்றாண்டுக்காரர்கள். செஞ்சியில் சுடுமண் குழாய் பதித்தவர்களும் பாஸ்கலைப் படித்தவர்கள் இல்லை. விதி எழுதப்படும் முன்பே வேலை செய்த கைகளுக்கு அது தெரிந்திருக்கிறது. எங்கள் உடற்கல்வி ஆசிரியருக்குத் தன் தோட்டத்தில் தெரிந்த மாதிரி.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதிகம் பேசவில்லை.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் முதலில் அந்த மாணவியை அழைத்தேன். "அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டேன். அது தவறு. இப்போது எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம்" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவள் மட்டும் மெல்லத் தலையாட்டினாள்.

முதலில் மட்டம் பார்க்க வேண்டும். மேட்டுத் தெரு டேங்கைவிட உண்மையிலேயே தாழ்வுதானா? கருவிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது ஒரு மாணவன், "எங்கப்பா டியூப் லெவல் வச்சிருக்காரு சார்" என்றான். மறுநாள் அந்த மேஸ்திரி வந்தார். வகுப்புக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். கண்ணாடிபோலத் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பினார். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் மட்டம் தவறும் என்று சுண்டிச் சுண்டி வெளியேற்றினார். இரண்டு முனைகளையும் இரண்டு சுவரில் பிடித்துக் கோடு போட்டார். "இது ரெண்டும் ஒரே மட்டம். நூறு அடி தள்ளி இருந்தாலும் இதுதான் மட்டம்" என்றார். நான் கரும்பலகையில் நாற்பது நிமிடம் விளக்கியதை அவர் இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டார். அவர் மகன் அன்று உட்கார்ந்திருந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் குழாயை வைத்துக்கொண்டு, தொட்டியடியிலிருந்து மேட்டுத் தெரு வரை கட்டம் கட்டமாக மட்டம் எடுத்தோம். தெரு 4 மீட்டர் மேடு என்று வந்தது. டேங்கின் ஏணிப் படிகளைக் கீழே நின்றபடியே எண்ணி, ஒரு படியின் உயரத்தால் பெருக்கினார்கள். தொட்டியின் அடி 9 மீட்டர் உயரம். ஆக, 5 மீட்டர் மிச்சம் இருக்கிறது. மாணவி சொன்னது சரி. தண்ணீர் ஏற வேண்டும். ஆனால் ஏறவில்லை.

அடுத்து, உடற்கல்வி ஆசிரியர் தோட்டத்திலிருந்து மீந்த சொட்டுநீர்க் குழாயைக் கொண்டுவந்தார். மாடிப்படியின் மேல் ஒரு வாளி. அதிலிருந்து இறங்கும் குழாயில் தரையை ஒட்டி நான்கு வாய்கள். கடைசி முனையை மட்டும் ஒரு மேசைமேல் தூக்கிக் கட்டினோம். அதுதான் மேட்டுத் தெரு. நான்கு வாய்களையும் மூடியபோது மேசைமேல் தண்ணீர் நன்றாகக் கொட்டியது. ஒரு வாயைத் திறந்தோம்; மெலிந்தது. இரண்டாவதைத் திறந்தோம், நின்றே போனது. வகுப்பு முழுவதும் "ஓ" என்றது. அந்த மாணவி நேராகப் போய்க் கீழ் வாய்கள் இரண்டையும் தன் இரு கட்டைவிரல்களால் அடைத்தாள். மேசைமேல் மீண்டும் தண்ணீர் வந்தது. "அடைப்பு இல்ல சார். அடைக்காததுதான்" என்றாள்.

நான் ஆசிரியராகி இத்தனை ஆண்டுகளில் ஒரு பாடத்துக்கு இதைவிட நல்ல முடிவுரையைக் கேட்டதில்லை.

பிள்ளைகள் சோதனையின் படத்தையும் மட்டக் கணக்கையும் ஒரு அட்டையில் வரைந்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விளக்கினார்கள். கேட்ட பெற்றோரில் பள்ளத்துத் தெருக்காரர்களும் இருந்தார்கள், மேட்டுத் தெருக்காரர்களும் இருந்தார்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஏதுமில்லை. தண்ணீரின் இயல்பு அது. தண்ணீர் திறந்துவிடும் அண்ணனும் அட்டையைப் பார்த்தார். காலையில் முதல் அரைமணி நேரம் பள்ளத்துத் தெருக்களுக்கான கேட் வால்வை மூடிவைத்து, மேட்டுத் தெருவுக்கு விட்டுவிட்டு, பிறகு எல்லாருக்கும் திறக்கலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். எல்லா நாளும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். மின்சாரம் இல்லாத நாளும் வரத்துக் குறைந்த நாளும் உண்டு. ஆனாலும் வாரத்தில் பெரும்பாலான நாள்கள் அந்தத் தெருவில் குடம் நிறைகிறது. அந்த மாணவி இப்போது வகுப்பில் நிறையக் கேள்வி கேட்கிறாள். சிலவற்றுக்கு எனக்கு விடை தெரிகிறது. மற்றவற்றைக் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

ஆசிரிய நண்பர்களே, மூன்று செய்திகளோடு முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று, பயணம் போகும்போது வேறு பாட ஆசிரியர்களோடு சேர்ந்து போங்கள். செஞ்சிக்கு நான்கு அறிவியல் ஆசிரியர்கள் போயிருந்தால் நான் மண்ணில் வரைந்த படத்தை எல்லாரும் ஒப்புக்கொண்டிருப்போம். கேள்வி கேட்டவர் தமிழாசிரியை. விதியின் எல்லையைக் காட்டியவர் உடற்கல்வி ஆசிரியர். காலக் கணக்கைக் கொடுத்தவர் சமூக அறிவியல் ஆசிரியர்.

இரண்டு, பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அழைத்துப் போங்கள். நம் பிள்ளைகள் பிருந்தாவனம் போகிறார்கள். கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழே வண்ண விளக்கில் நீரூற்றைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே தேங்கும் காவிரிதான் ஒகேனக்கல் வழியாக நம் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது என்று அங்கேயே நின்று சொன்னால், அந்த நீரூற்றை அவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

மூன்று, விடை தெரியாதபோது 'அடைப்பு' என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கும் நமக்கும் இடையில் அப்போதுதான் அடைப்பு விழுகிறது. தெரியாது, சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால் போதும். தோட்டத்திலிருந்து ஒருவர் குழாயோடு வருவார். வேலைத்தளத்திலிருந்து ஒருவர் மட்டத்தோடு வருவார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை விடையோடு எழுந்து வரும்.